நோ டியூ கையெழுத்து

வேண்டாமுங்க தம்பி, ஜன்னலோரத்துல நீங்களே உக்காருங்க. பஸ்ஸுல எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். கழுத்துல அட்டை தொங்குதே, யுனிவர்சிட்டில படிக்கறீங்களா? ஆராய்ச்சிங்களா? அப்பச் செரி, உங்ககிட்டச் சொல்லலாம். உங்க லைப்ரரி இருக்குதில்லீங்க, அந்தப் பெரிய கல்லுக் கட்டடம், அதுக்குள்ள என்ற பொண்ணைக் கொண்டுபோயி உட்டதே நான்தானுங்க. புத்தகப் பை கனமா இருந்துச்சு, வண்டியில இருந்து எறக்கி இந்தக் கையாலதான் எடுத்துக் குடுத்தேன். உள்ள போனா. போனவ திரும்பி வரலீங்க.

அப்புடிப் பாக்காதீங்க. சித்தம் கலங்குன ஆளு இல்ல நானு. பேரு நாச்சிமுத்து. தோட்டங்காடு இருக்குது, மஞ்சளும் மரவள்ளியும் போடறோம். ஊர்ல நாலு பேரு நம்மகிட்ட ரோசனை கேட்டுட்டுத்தான் காரியம் பண்ணுவாங்க. ஒத்தப் பொண்ணு, கோகிலவாணி. வாணின்னு கூப்புடுவோம். படிக்கறேன்னா, படின்னேன். எம்மெஸ்ஸி முடிச்சா. இன்னும் படிக்கறேன்னா. செரின்னேன். கெணத்துத் தண்ணி, போர்த் தண்ணி, அது எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு ஆராய்ச்சின்னாங்க. தண்ணி வானத்துல இருந்து வருது, இதுக்கு என்னத்துக்கு வருசக்கணக்கா படிப்புன்னு ஒறம்பரை சொந்தமெல்லாம் சிரிச்சாங்க. அப்பவும் நான் உட்டுக் குடுக்கலீங்க. இதையெல்லாம் யாருங்க இப்ப நெனச்சுப் பாக்கறாங்க?

என்ற அக்கா பையன் நவநீதன். முறை மாப்பிள்ளை. நூலு வியாபாரம், கெட்ட பழக்கம் கெடையாது, அப்புடியே இருந்தாலும் இந்தக் காலத்துல யாருக்கு இல்லீங்க. வாணி பொறந்தப்பவே பேசி வெச்சது. அவளுக்கு வயசு ஏறிட்டே போகுது. இந்த ஆராய்ச்சியை எழுதிக் குடுத்துட்டு அப்பறம் பேசலாமுங்கப்பான்னா. அதையேதான் அதுக்கு முந்தின வருசமும் சொன்னா. நானும் எத்தன நாளைக்குங்க அக்கா மூஞ்சியில முழிக்கறது? நிச்சயம் பண்ணிப் போட்டோம். மண்டபம் சொல்லி, பத்திரிகை அடிச்சு, எல்லாம் ஆச்சு. நிச்சயமான பொண்ணு பஸ்ஸுல போய் வரக் கூடாதுன்னு ஊட்லயே இருக்கச் சொன்னேன். அவ நல்லதுக்குத்தானுங்க. போனு? போன்ல எந்நேரமும் பேசீட்டே இருந்தா. குடும்மான்னு கொஞ்சம் வெரசா வாங்குனேன், கீழ உழுந்து ஒடஞ்சு போச்சு. வேற வாங்கித் தரோணும்னுதான் இருந்தேன். கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்.

அவ அழுவல, சண்டை போடல. சொன்னதைக் கேட்டுட்டுப் பொட்டாட்டம் இருந்தா. மனசு மாறிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு நாள் வந்து, லைப்ரரிப் புத்தகமெல்லாம் கெடு தாண்டிக் கெடக்குதுங்கப்பா, திருப்பிக் குடுக்கலீன்னா பேரைப் போர்டுல எழுதிப் போடுவாங்கன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம பேரு ஒரு போர்டுல, எல்லாரும் பாக்கற எடத்துல தொங்கறதுங்களா? வண்டியை எடுத்தேன். நானே கூட்டீட்டுப் போனேன். அவ உள்ள போனா, நான் சைக்கிள் ஸ்டாண்டுல நெழல்ல நின்னேன்.

நின்னேன், நின்னேன், நின்னுட்டே இருந்தேனுங்க. புள்ளைக வருது, போகுது. ஒவ்வொரு சடையும் அவ சடை மாதிரியே இருக்குது. பொழுது சாஞ்சுது. மணி அடிச்சாங்க. உள்ள இருந்ததுக எல்லாம் கூட்டமா வெளிய வந்துச்சுக. எம் பொண்ணு வரலீங்க. வெளக்கை அணைச்சுட்டு ஒரு அம்மா வந்தாங்க. அவங்கதான் லைப்ரரியன், மரியஜெயம் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, கொஞ்சம் குள்ளமா, முடியெல்லாம் நரைச்சு. அவங்ககிட்ட ஓடுனேன். எம் பொண்ணு எங்கீங்கன்னேன். உங்க பொண்ணு புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, அப்பறம் யாரு எங்க போறாங்கன்னு லைப்ரரி எழுதி வெக்கறதில்லீங்கன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. அந்த மரியாதைதானுங்க எனக்கு ஆத்தரம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்க பொண்ணு மேஜரு, நான் தானாத்தான் போறேன், என்னைத் தேட வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தாட்டி உட்டுட்டாங்க. எப்ப எழுதுனா, யாரு கொண்டுபோயிக் குடுத்தாங்க? எல்லாம் இந்த லைப்ரரிக்காரங்க வேலைதான்.

அடுத்த நாளு மச்சான் வந்தாரு. சாமியப்பன், அக்கா ஊட்டுக்காரரு, நவநீதனுக்கு அப்பா. அவரும் பங்காளிப் பசங்களும் ஒரு கார்ல வந்தாங்க. சும்மா தொணைக்குத்தானுங்க. மச்சானுக்குச் சத்தம் கொஞ்சம் பெருசு. அவ கெடைச்சா ஊட்டுக்குக் கூட்டீட்டு வரமாட்டேன், நேரா தோட்டத்துல வெச்சுக் கணக்கு முடிச்சுப்போடுவேன்னு வண்டியில வாரப்பவே சொன்னாரு. கோவத்துல பேசறதுங்க, அதையெல்லாம் மனசுல வெச்சுக்க முடியுங்களா? மண்டபம் வரைக்கும் சொல்லியாச்சே, அவர் எடத்துல இருந்து பாருங்க.

லைப்ரரிக் கண்ணாடிக் கதவை ஒரு தள்ளு தள்ளுனாரு, விரிசல் உட்டுப்போச்சு. எவ அவளை ஒளிச்சு வெச்சிருக்கறதுன்னு கத்துனாரு. அப்பப் பாருங்க தம்பி, உள்ள படிச்சுட்டு இருந்த புள்ளைக, பசங்க, எல்லாம் எந்திரிச்சு வந்துச்சுக. கையில பேனாவோட, புத்தகத்துல வெரலை வெச்சுக்கிட்டு, படி நெடுக நின்னுச்சுக. மேல் மாடி வரைக்கும் நின்னுச்சுக. கண்ணுத் தெரியாத பையன் ஒருத்தன், அவனையும் ஒரு புள்ள கையைப் புடிச்சுக் கூட்டியாந்து நிறுத்துச்சு. மேடம் எல்லாருக்கும் முன்னால வந்து நின்னாங்க. மச்சான் எத்தன பேசுனாரு தெரியுங்களா? ஒருத்தரும் பதில் பேசல, ஒருத்தரும் நகரல. கடைசில மச்சானே திரும்பிப் போயிக் கார்ல உக்காந்துட்டாரு. படிக்கற எடம்னு சொல்றாங்க, ஒரு பெரிய மனுசனுக்கு அங்க இருக்கற மரியாதை இவ்வளவுதான்.

மண்டபத்தை வேண்டாம்னு சொன்னோம். அக்கா வந்து எங்கூட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா. இனி உனக்குச் சாவுன்னாலும் வரமாட்டேன்னுட்டா. கூடப் பொறந்தவ தம்பி. நான் வெளியில தலை காட்டறதில்ல. டீக்கடைக்குப் போனாப் பேச்சு நின்னு போகுது. சோறு எறங்கலீங்க. காலையில எந்திரிச்சா என்ன பண்றதுன்னு தெரியல. மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணும், எதுக்குக் கட்டறதுன்னு இருக்குது.

அப்ப யுனிவர்சிட்டி கேட்டுக்கு முன்னால பேக்கரி வெச்சிருக்கறவர் ஒருத்தரு ஒரு சங்கதி சொன்னாரு. இங்க எத்தன பெரிய படிப்புப் படிச்சாலும் கடைசில லைப்ரரிக்கு வந்துதான் ஆகோணும், நோ டியூன்னு ஒரு கையெழுத்து இருக்குது, ஒரு புத்தகமும் பாக்கி இல்லைன்னு லைப்ரரில எழுதி வாங்குனாத்தான் ஆராய்ச்சியை வாங்கிக்குவாங்க, துணைவேந்தர் மகனே ஆனாலும் அதுக்கு வந்து நிக்கோணும்ன்னாரு. ஆமாங்களா தம்பி? நெசந்தானே? எனக்கு உசுரு வந்துச்சு. வாணி படிப்பை மட்டும் உடமாட்டா. அது எனக்குத் தெரியும். அப்ப ஒரு நாள் இந்தக் கதவுக்கு வந்துதான் தீரோணும். வரட்டும், நான் இங்கயே இருக்கறேன்னு முடிவு பண்ணிப்போட்டேன்.

மேடத்துகிட்டப் போயி, பேப்பர் படிக்கோணுமுங்கன்னேன். வாசல்ல இருந்த வாட்ச்மேன் வெளியாளுகளை உடறதில்லைன்னு சொன்னாரு. மேடம், தனியா வந்திருக்கீங்களான்னாங்க. ஆமாங்கன்னேன். அப்ப ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்து, பேப்பர் பகுதியில மட்டும் உக்காருங்க, மேல போகக் கூடாதுன்னாங்க. ஒவ்வொரு நாளும் அந்தச் சீட்டை வாங்கிட்டுத்தான் உள்ள போவேன்.

ஊட்ல சரசு இருக்கறாளே, என்ற சம்சாரம், அவ ஒரு கல்லு நெஞ்சுக்காரி தம்பி. வாணி போன அன்னைக்கு அழுதா. அப்பறம் ஒரு வாரத்துல தெளிஞ்சுட்டா. பெத்தவ இப்புடி இருப்பாளான்னு எனக்கே வெறுத்துப் போச்சு. நான் இப்புடி லைப்ரரில போய் உக்காரப் போறேன்னு சொன்னப்ப, போய்ட்டு வாங்கன்னா. அவ்வளவுதான். மத்தியானத்துக்குச் சோறு கட்டிக் குடுத்தா. ரெண்டு டப்பா. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அந்த மேடத்துக்குக் குடுங்க, பாவம் எந்த ஊரோ, ஓட்டல்ல தின்னு வயித்தைக் கெடுத்துக்கறாங்களோ என்னமோன்னா. நம்ம பொண்ணை ஒளிச்சு வெச்சவளுக்குச் சோறான்னு சத்தம் போட்டேன். குடுத்துத்தான் பாருங்களேன், மனசு எறங்கி ஒரு வார்த்தை சொன்னாலும் சொல்லுவாங்கன்னா. அதுவும் செரின்னு பட்டுச்சு.

கொண்டுபோயிக் குடுத்தேன். மேடம் வாங்கி மேசை மேல வெச்சுட்டு, யாரு குடுத்தாங்கன்னாங்க. ஊட்லீங்கன்னேன். டப்பாவைத் தொறந்து பாத்துட்டு, மறுபடி மூடி எடுத்துட்டு மேல போனாங்க. சாயங்காலம் கழுவித் திருப்பிக் குடுத்தாங்க. அன்னையில இருந்து நெதமும் ரெண்டு டப்பாதான். அரிசிம்பருப்புச் சோறு, ஒரு நாளு கொள்ளு, ஒரு நாளு புளிக்காத தயிரும் வடுமாங்காயும். எனக்கு எது கட்டுனாலும் அந்த இன்னொரு டப்பாவுல கட்டறது பக்குவமா இருக்கும். மேடத்துக்கு வடுமாங்காய் நெம்பப் புடிக்கும்போல. அது இருக்கற நாள்ல டப்பா வழிச்சுத் தொடைச்ச மாதிரி வரும். ஒரு நாளு மேடம் லீவுங்க. அங்க இருந்த இன்னொரு புள்ளைகிட்டக் குடுத்தேன். அன்னைக்கும் டப்பா கழுவித்தான் வந்துச்சு. அங்க யாரு தின்னாங்களோ. சரசு கையிச் சோறுன்னா எல்லாரும் திம்பாங்க.

ஆனா ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, எம் பொண்ணைப் பத்தி அந்தம்மா வாயில இருந்து வரலீங்க.

நான் அங்க உக்காந்து என்னத்தப் பாத்தேன்னு கேளுங்க. காலையில கதவு தொறக்கறதுக்கு முன்னாலயே புள்ளைக வந்து நிக்குது. ஃபேனுக்குக் கீழ இருக்கற நாக்காலிக்கு ஓடுது. சாயங்காலம் வெளக்கை அணைச்சு அணைச்சுப் போட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. இதுகளுக்கு ஊடு வாசல் இல்லீங்களா? ஒரு பொண்ணு, கல்யாணமான பொண்ணு, கைக்கொழந்தையை அவங்கம்மாகிட்ட வராண்டாவுல உட்டுட்டு வந்து எழுதுது. கொழந்தை அழுதா எந்திரிச்சுப் போகுது, மறுபடி வந்து எழுதுது. ஊட்ல எழுதக் கூடாதாம்மான்னு கேட்டேன். ஊட்ல எழுத முடியாதுங்க ஐயான்னுச்சு. ஏன் முடியாது? மேசை நாக்காலி இல்லையா என்ன? கண்ணுத் தெரியாத அந்தப் பையனுக்கு ஒவ்வொரு மணிக்கு ஒருத்தர் வந்து படிச்சுச் சொல்றாங்க, யாரும் சொல்லி ஏற்பாடு பண்ண மாதிரித் தெரியல. ரிட்டயர்டான வாத்தியார் ஒருத்தரு நெதமும் வந்து ஒரே எடத்துல உக்காந்து எழுதறாரு. புள்ளைக வந்து சந்தேகம் கேட்டா, எழுந்திருச்சு நின்னு பதில் சொல்றாரு. எல்லாம் ஒரே கூட்டுக் களவாணிகதான். ஒருத்தர் சங்கதியை ஒருத்தர் வெளிய உடமாட்டாங்க. நான் ஒவ்வொருத்தருகிட்டயும் போன்ல இருக்கற வாணி போட்டோவைக் காட்டிக் கேட்டேன். பாத்திருக்கீங்களான்னு கேட்டா, புத்தகத்துக்குள்ள தலையைக் குனிஞ்சுக்குதுக.

மழை முடிஞ்சுது, பனி வந்துச்சு. மஞ்சள் காஞ்சு போச்சு, நான் போயிப் பாக்கலீங்க. ஒரு நாள் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. பேப்பரைப் பிரிச்சா எழுத்து தெரியல. எந்திரிச்சு மேடம் மேசைக்குப் போனேன். அத்தன பேரு பாக்கறாங்க. கால்ல உழுந்துட்டேன் தம்பி. ஆமாங்க, நானு. எங்கப்பன் கால்ல கூட இப்புடி உழுந்ததில்ல. அம்மா, அந்த நோ டியூக் கையெழுத்தை மட்டும் போட்டுடாதீங்க, ஏதாச்சும் ஒரு புத்தகம் வரலைன்னு சொல்லுங்க, அவ தேடீட்டு என்கிட்ட வருவா, இல்லீனா நான் இங்கயே இந்த எடத்துலயே செத்துப்போவேன்னு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

அந்தம்மாவும் தரையில உக்காந்துட்டாங்க. என்ற கையைப் புடிச்சு எழுப்பல, தரையிலயே எதுக்க உக்காந்துட்டாங்க. ஒரு புள்ள தண்ணி கொண்டாந்து வெச்சுட்டுப் போச்சு. அப்பச் சொன்னாங்க, மெதுவாத்தான் சொன்னாங்க.

“ஐயா, இங்க பாக்கின்னா புத்தகம் மட்டுந்தானுங்க. புத்தகம் வந்து சேந்துட்டா நான் கையெழுத்துப் போட்டே ஆகணும். ஒரு பொண்ணு அவ அப்பாவுக்கு என்ன பாக்கி, அப்பா பொண்ணுக்கு என்ன பாக்கின்னு பாக்கறதுக்கு என்கிட்ட மேசை இல்லீங்க.”

எனக்குப் புரியலீங்க. இப்பவும் புரியல. நான் என்னத்தப் பாக்கி வெச்சேன் எம் பொண்ணுக்கு? ஊடு குடுத்தேன், சோறு போட்டேன், படிக்க வெச்சேன். சொல்லுங்க பாக்கலாம். இந்தப் படிச்சவங்க பேச்சே இப்புடித்தான், நேரா ஒரு சொல்லு வராது.

மறுநாளும் போனேன். வெக்கங்கெட்ட மனுசன். வேற எங்க போறது? அந்தம்மா ஒண்ணுமே நடக்காத மாதிரிச் சீட்டுக் குடுத்தாங்க.

போன வாரம் அவங்களே பேப்பர் பகுதிக்கு வந்து எதுக்க உக்காந்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே இருந்தாங்க. வாணிக்குக் கையெழுத்து எப்பவோ போட்டாச்சு, ஆராய்ச்சியைக் குடுத்து, வெளியூருக்குப் போயித் திருத்தியும் வந்துருச்சுன்னாங்க. எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் வாசல்லயே உக்காந்திருக்கேன், எந்த வழியா வந்து வாங்கிட்டுப் போனா? சனிக்கெழமை கடைசிப் பரீட்சை, எல்லார் முன்னாலயும் நின்னு பேசோணும், கேள்வி கேட்டாப் பதில் சொல்லோணும், லைப்ரரி மேல் மாடியிலதான் நடக்குது, போர்டுல நோட்டீஸ் ஒட்டுவோம், சட்டப்படி அது பொதுவானது, யாரு வேண்டும்னாலும் வரலாம்னாங்க. நீங்க நோட்டீஸைப் பாத்துத் தெரிஞ்சுக்கறதை விட நானே சொல்றது நல்லதுன்னு பட்டுதுன்னாங்க. அப்பறம் ஒண்ணு சொன்னாங்க.

“தனியா வாங்க. உங்களை நம்பித்தான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்குது, இருந்தாலும் சொல்றேன்.”

அந்தம்மாவுக்கு என்னத்துக்குப் பயம்? என்னையப் பாத்தாங்களா? நான் ஒரு கோழி அறுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கற ஆளு. மச்சானுகிட்டச் சொல்லோணும்னுதான் நெனச்சேன், சொல்லாம இருக்கறது தப்பில்லீங்களா. என்னமோ ரெண்டு நாளா மறந்து மறந்து போச்சு.

இன்னைக்குத்தானுங்க அந்தச் சனிக்கெழமை. அங்கிருந்துதான் வாரேன்.

காலையில எந்திரிச்சுப் பாத்தா சரசு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுட்டு இருக்கறா. நோம்பியா நொடியா, என்னத்துக்கு இதுன்னேன். தோணுச்சுன்னா. ஒரு பெரிய தூக்குப்போசி நெறையாக் குடுத்து மேடத்துகிட்டக் குடுங்கன்னா. எம் பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சை, இவளுக்குக் கச்சாயம் கேக்குது. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலீங்க. பொம்பளைகிட்டச் சொன்னா அழுது ஊரைக் கூட்டுவா.

போசியைக் கீழயே குடுத்துட்டு மொத மொதல்ல மேல் மாடிக்குப் போனேன். சின்னச் சின்ன ரூம்புக, ஒருத்தர் உக்காந்து எழுதற அளவுக்குத்தான் இருக்குது. அதைத் தாண்டிப் பின்னால ஒரு படி, பைண்டிங் ரூமு வழியா எறங்குது. அப்புடி ஒண்ணு இருக்கறதே இத்தன நாளு எனக்குத் தெரியலீங்க. கடைசி வரிசையில போய் உக்காந்தேன். வாட்ச்மேன் ஒருத்தரு எம் பக்கத்துலயே நின்னுக்கிட்டாரு.

வந்தா தம்பி. எளைச்சிருப்பான்னு நெனச்சேன். இல்லீங்க. ஊட்ல இருந்ததை விட ஒரு சுத்துப் பெருத்திருந்தா. எந்த ஊர்ல, யாரு ஊட்ல இருந்தாளோ, நல்லாத்தான் சோறு போட்டிருக்கறாங்க. என்னையப் பாத்தா. மேடத்தைப் பாத்தா, மேடம் தலையை ஆட்டுனாங்க. அப்பறம் பேச ஆரம்பிச்சா.

எனக்குப் பாதி இங்கிலீசு, பாதி தமிழு, புரிஞ்சும் புரியாமயும் இருந்துச்சு. ஆனா அந்தக் கொரலு. எங்கூட்ல அந்தக் கொரலை நான் கேட்டதே இல்லீங்க. சுவத்துல படம் போட்டுக் காட்டுனா. ஒரு படத்தைப் பாத்தா, எங்க கெணறு. எங்க கெணறேதான், படிக்கட்டு ஒடஞ்சிருக்குமே, அதே தான். பக்கத்து ஆளுகிட்டச் சொல்லப் போனேன், வாட்ச்மேன் கையமத்துனாரு. இந்தக் கெணத்துல ஊத்து நல்லாத்தான் இருந்துச்சு, கெணத்துக்காரரான ஒரு விவசாயி அதும் பக்கத்துலயே இன்னும் ஆழத்துக்கு, இன்னும் ஆழத்துக்குன்னு போரு போட்டுட்டே போனாரு, தண்ணி கீழ கீழ எறங்கிப் போயிருச்சு, எத்தனை ஆழம் தொளைச்சாரோ அத்தனைக்குத் தண்ணி அவரை உட்டுத் தள்ளிப் போச்சுன்னா. ஒரு விவசாயியாம். என்ற பேரு கூடச் சொல்லல. தண்ணி வேணும்னா தொளைக்காம என்னங்க பண்றது? அதுல என்ற தப்பு என்ன இருக்குது?

நடுவுல எல்லாருக்கும் டீயும் ஒரு தட்டும் குடுத்தாங்க. மிக்சரு, ஒரு கச்சாயம். சரசு சுட்டதையே வெச்சுட்டாங்க. மேடம் தனக்குன்னு ஒண்ணு கூட எடுத்து வெக்காம இப்புடி ஊருக்கெல்லாம் குடுத்துட்டாங்களேன்னு இருந்துச்சு. வாணி மட்டும் அதைத் திங்காம கையிலயே வெச்சுட்டு நின்னா.

வெளியூர்ல இருந்து வந்திருந்த பெரிய புரொபசர் என்னென்னமோ கேட்டாரு. எல்லாத்துக்கும் நின்ன எடத்துல பதில் சொன்னா. அப்பறம் அவரு சபையைப் பாத்து, வந்திருக்கறவங்க யாராச்சும் கேள்வி கேக்கறதுன்னாக் கேக்கலாம்னாரு. ரெண்டு பேரு கேட்டாங்க. மூணாவதா என்ற கை தூக்கியிருந்துச்சுங்க. நான் தூக்குன மாதிரியே தெரியல. வாட்ச்மேன் கிட்ட வந்தாரு. மேடம் வேண்டாம்னு சாடை காட்டுனாங்க. மைக்கைக் கொண்டாந்து என்ற கையில குடுத்தாங்க.

மாசக்கணக்கா நெனச்சு வெச்சிருந்தேன் தம்பி, இப்புடிக் கேக்கோணும், அப்புடிக் கேக்கோணும், குடும்ப மானத்தை வாங்கிப்போட்டயே, நாயமான்னு கேக்கோணும்னு. ஆனா வாயில வந்தது இதுதான்.

“எப்ப அம்மிணி ஊட்டுக்கு வருவே?”

மைக்குல அது அந்த ஹாலு முழுக்கக் கேட்டுச்சு. அவ மைக்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. மூஞ்சியைத் திருப்பிக்கல. என்னைய நேராப் பாத்துத்தான் சொன்னா.

“உங்க கேள்விக்கு நன்றிங்க ஐயா. அது என்ற ஆராய்ச்சி எல்லைக்குள்ள வரலீங்க.”

ஐயான்னா தம்பி. என்னைய ஐயான்னா. பெரிய புரொபசருக்கு வெவரம் தெரியாது, பதில் செரிதான்னு தலையை ஆட்டிட்டு எழுத ஆரம்பிச்சுட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சு, இனி இவங்க டாக்டர் கோகிலவாணின்னாரு. எல்லாரும் கையைத் தட்டுனாங்க. மேடம் அழுதாங்க. அவங்க எதுக்கு அழுவறாங்க, அழுக வேண்டியவன் நானு. நானும் தட்டுனேன். எல்லாரும் தட்டறப்பச் சும்மா இருக்க முடியுங்களா?

வெளிய வாரப்பக் கிட்டத்துல வந்தா. ஏதாச்சும் கேப்பான்னு நின்னேன். அம்மா எப்புடி இருக்கறான்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. பெத்தவளைப் பத்தி ஒரு வார்த்தை. என்னமோ நேத்துத்தான் பேசீட்டு வந்தவ மாதிரி. என்ற கையைப் பாத்தா, எளைச்சுட்டீங்கன்னா. அவ்வளவுதான். புள்ளைக எல்லாம் சுத்திக்கிட்டுப் பின்னால படி வழியாக் கூட்டீட்டுப் போயிட்டாங்க. நான் முன்னால படியில எறங்கி வந்தேன். மேடம் வாசல் வரைக்கும் வந்தாங்க. இனிமே அவளுக்கு இங்க வேலை இல்லீங்க ஐயா, தூரமா ஒரு எடத்துல உத்தியோகம் ஆகியிருக்குதுன்னாங்க. எந்த ஊருன்னு கேட்டேன். சொல்லல. நானும் ரெண்டாந்தரம் கேக்கலீங்க.

அதான் சொல்றேன், நீங்களே சொல்லுங்க, படிச்சவங்கதானே நீங்க. இது நாயமுங்களா? ஒரு லைப்ரரி பண்ற வேலையா இது? புத்தகத்தைக் குடுக்கோணும், வாங்கோணும், அதோட...

இருங்க, போனு அடிக்குது. மச்சானுங்க. காலையில இருந்து அடிச்சுட்டே இருக்கறாரு, யாரோ நோட்டீஸைப் பாத்துச் சொல்லியிருப்பாங்களாட்ட இருக்குது.

“சொல்லுங்க மச்சான். ஆமா, யுனிவர்சிட்டிக்குத்தான் போயிருந்தேன்... எந்தப் பரீட்சை? இல்லீங்களே. அது வேற யாரோ கோகிலவாணி மச்சான். சேலத்துப் பக்கத்துப் பொண்ணு. நான் நேர்லயே பாத்துட்டுத்தானே வாரேன்... ஆமா, மூஞ்சியைப் பாத்தேன். நம்ம புள்ள இல்ல. நம்ம புள்ள வரல... இனிமே வரமாட்டா மச்சான், உடுங்க. காரெல்லாம் எடுக்க வேண்டாம். நான் சொல்றேனில்ல. அங்க யாரும் இல்ல.”

ஏன் அப்புடிச் சொன்னேன்னு பாக்கறீங்களா? பஸ்ஸு எரைச்சல்ல வெவரமாப் பேச முடியுங்களா தம்பி, அதான். சாவகாசமா நேர்ல சொல்லிக்கலாம்.

இந்தப் போனைக் கொஞ்சம் வாங்கி அணைச்சுக் குடுங்க, எனக்கு அது பழக்கமில்ல. அதுக்குள்ள வாணி போட்டோ ஒண்ணு இருக்கும், அது அழிஞ்சு போகாதுங்களே?

நாளைக்கு ஞாயித்துக்கெழமை. லைப்ரரி தொறந்திருக்குமுங்களா? பேப்பர் படிக்கத்தானுங்க.